பெட்டியில் வந்தால் மட்டமான ஒயினா? அருமனை பரணி முதல் டெட்ரா பேக் சர்ச்சை வரை

டிசம்பர் வந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டம் அருமனை வேறு ஊராகிவிடும். தெருவெல்லாம் நட்சத்திர விளக்கு, வீட்டு முற்றத்தில் குடில், அரசியல் தலைவர்கள் வந்து பேசும் கிறிஸ்துமஸ் விழா என கேரள எல்லையை ஒட்டிய இந்த ரப்பர் தோட்டத்து ஊர் களைகட்டும். கேக்கும் முந்திரிக்கொத்தும் வைத்திருக்கும் மேஜையில், சில வீடுகளில் இன்னொன்றும் இருக்கும். பரணியில் ஊற வைத்த திராட்சை ஒயின்.

அதற்கு லேபிள் கிடையாது, கம்பெனி பெயர் கிடையாது. ஆனாலும் 'எங்க வீட்டு ஒயின்' என்றால் தனி மரியாதை. அதே மேஜையில், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் குழாய் வைத்த அட்டைப் பெட்டி ஒயின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால்? 'இதென்ன பெட்டியில வருது, மட்டமான சரக்கா இருக்குமோ?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இந்தச் சந்தேகம் நியாயமானதா? பெட்டியில் அடைத்தால் ஒயினின் தரம் குறையுமா? தமிழ்நாட்டில் டெட்ரா பேக் மது என்ற பேச்சு எழுந்தபோது அவ்வளவு எதிர்ப்பு வந்தது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

பெட்டி ஒயின் என்றால் என்ன?

இதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்னை.

முதல் வகை, பெட்டிக்குள் பை. வெளியே அட்டைப் பெட்டி, உள்ளே பல அடுக்கு பிளாஸ்டிக் பை, பையோடு சேர்ந்த சின்னக் குழாய். பெரும்பாலும் 3 லிட்டர் அளவில் வரும். அதாவது, வழக்கமான 750 மி.லி. ஒயின் பாட்டில் நான்குக்குச் சமம்.

இரண்டாவது வகை, டெட்ரா பேக். மாம்பழ ஜூஸ், பால் எல்லாம் வருமே, அதே அட்டை டப்பா. அட்டை, பாலிஎத்திலீன், மெல்லிய அலுமினியத் தாள் ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. இத்தாலியில் 'தவெர்னெல்லோ' என்ற ஒயின் 1983 முதல் இந்த வகை டப்பாவில் விற்பனையாகிறது.

பேட்டரி ஆசிட்டில் தொடங்கிய கதை

பெட்டிக்குள் பை வைக்கும் யோசனை ஒயினுக்காக வந்ததே இல்லை. 1950களில் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் ஷோல் என்பவர், பேட்டரி ஆசிட்டைச் சிந்தாமல் கொண்டுபோவதற்காக இதை உருவாக்கினார். 1965ல் ஆஸ்திரேலியாவின் ஒயின் தயாரிப்பாளர் தாமஸ் ஆங்கோவ் அதே யோசனையை ஒயினுக்குக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் பையின் மூலையை வெட்டித்தான் ஊற்ற வேண்டும். குழாய் வைத்த பெட்டி 1967ல் வந்தது.

அந்தக் குழாய்தான் இதில் முக்கியமான விஷயம். ஒயினுக்கு முதல் எதிரி காற்று. பாட்டிலைத் திறந்து ஒரு கிளாஸ் ஊற்றினால், ஊற்றிய அளவுக்குக் காற்று உள்ளே போய்விடும். அதிலுள்ள ஆக்ஸிஜன் ஒயினின் வாசனையை முதலில் மங்கச் செய்யும். அப்படியே விட்டால் வினிகர் புளிப்பு ஏறும். காலையில் இறக்கிய கள்ளு மறுநாள் வேறு ருசிக்கு மாறிவிடுவதற்கும், இதற்கும் அடிப்படையில் ஒரு ஒற்றுமை உண்டு: புளித்த பானம் எதுவும் ஓரிடத்தில் நிற்காது, மாறிக்கொண்டேதான் இருக்கும்.

பைக்குள் இருக்கும் ஒயினில் நடப்பது வேறு. குழாயைத் திறந்து ஊற்ற ஊற்றப் பை சுருங்கிக்கொண்டே வரும். காற்று உள்ளே போக வழியில்லை. அதனால் திறந்த பாட்டில் மூன்று, நான்கு நாளில் சுவை இழந்துவிடும் என்றால், திறந்த பெட்டி ஒயின் நான்கு முதல் ஆறு வாரம் வரை தாங்கும். இந்த ஒரு விஷயத்தில் பாட்டிலை விடப் பெட்டிதான் மேல்.

அப்படியென்றால் குறையே இல்லையா?

இருக்கிறது. கண்ணாடி வழியாகக் காற்று புகாது. பிளாஸ்டிக் பை அப்படி இல்லை. மிக மெதுவாக என்றாலும் ஆக்ஸிஜன் கசிந்து உள்ளே வரும். அதனால் பெட்டி ஒயினைத் திறக்காமலே வைத்திருந்தாலும், அடைத்த நாளிலிருந்து சுமார் ஓராண்டுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பத்து, இருபது ஆண்டு பழமையாக்கி ரசிக்கும் ஒயினுக்குப் பெட்டி சரிப்படாது.

வெப்பம் இன்னொரு பிரச்னை. சூடு கூடக்கூட உள்ளே நடக்கும் மாற்றங்கள் வேகமெடுக்கும். குளிரான ஐரோப்பிய கிடங்கில் பல மாதம் தாங்கும் பெட்டி, வெயில் அடிக்கும் தகரக் கொட்டகையில் அவ்வளவு காலம் தாங்காது. ஆக, பெட்டி ஒயின் மோசமாக இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டி இல்லை. உள்ளே ஊற்றிய ஒயினே சுமாராக இருந்திருக்கும், அல்லது பழையதாகியிருக்கும், அல்லது வெயிலில் கிடந்திருக்கும்.

பிறகு ஏன் கெட்ட பெயர்?

காரணம் ரொம்ப எளிது. பெட்டி வந்த புதிதில், கம்பெனிகள் அதில் விலை குறைந்த ஒயினைத்தான் அடைத்தன. மலிவான ஒயினை மொத்தமாக விற்க இது வசதியான வழியாக இருந்தது. நல்ல ஒயின் பாட்டிலில், சாதா ஒயின் பெட்டியில் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பெயர் வந்தபின், நல்ல ஒயின் வைத்திருப்பவரும் பெட்டியில் அடைக்கத் தயங்கினார். சந்தேகம் தன்னைத்தானே உண்மையாக்கிக்கொண்டது.

சில நாடுகளில் இந்தச் சுழல் உடைந்திருக்கிறது. ஸ்வீடனில் ஒயின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான 'சிஸ்டம்போலாகெட்' கையில் இருக்கிறது. டாஸ்மாக் மாதிரி அரசு ஏகபோகம்தான். அங்கே அளவுக் கணக்கில் விற்கும் ஒயினில் பாதிக்கு மேல் பெட்டியில்தான் போகிறது. அங்கே பெட்டியை வாங்கிப்போவதை யாரும் குறைச்சலாக நினைப்பதில்லை.

தமிழ்நாட்டில் 'பாக்கெட்' என்றாலே பயம் ஏன்?

இங்கே கதை வேறு. முதலில் 'ஒயின்ஷாப்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் ஒயின்ஷாப், அங்கே அதிகம் விற்பது பிராந்தியும் ரம்மும் பீரும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது, அதற்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் ஒயின் குடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பெரிதாக வேரூன்றவில்லை. அதனால் 'பெட்டியில் மது' என்றதும் இங்கே யாருக்கும் 3 லிட்டர் ஒயின் நினைவுக்கு வராது. நினைவுக்கு வருவது பாக்கெட் சாராயம்.

அந்த நினைவில் ரத்தமும் கண்ணீரும் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அது பாக்கெட்டில் கைமாறிய சரக்கு. அதற்கு ஓராண்டுக்கு முன், 2023 மே மாதம், மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குப் பலியானார்கள். பக்கத்து கர்நாடகத்தில் அரசு அனுமதியோடு விற்ற பாக்கெட் சாராயம் பல குடும்பங்களை அழித்ததாகப் பெண்கள் போராடினார்கள். 2007 ஜூலையில் அங்கே சாராயம் தடை செய்யப்பட்டது.

எனவே இங்கே பெட்டிக்கும் பாக்கெட்டுக்கும் இருக்கும் கெட்ட பெயர், ருசி பற்றியதே அல்ல. உயிர் பற்றியது.

2023ல் என்ன நடந்தது?

மரக்காணம் சாவுகள் நடந்து சில வாரங்களில், மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை சு.முத்துசாமி வசம் வந்தது. 2023 ஜூலையில், டாஸ்மாக் கடைகளில் டெட்ரா பேக் மதுவும், 90 மி.லி. அளவும் கொண்டுவருவது பற்றி ஆலோசிக்கப்படுவதாக அவர் கூறினார்.

அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 180 மி.லி. குவார்ட்டர் வாங்கக் காசில்லாதவர்கள், பங்கு போட இன்னொருவர் வரும்வரை கடை வாசலில் காத்திருக்கிறார்கள். 'கட்டிங்' என்று ஊரே அறிந்த பழக்கம் இது. சின்ன அளவு கிடைத்தால் காத்திருக்கவும் வேண்டாம், மிச்சத்தையும் சேர்த்துக் குடிக்கவும் வேண்டாம் என்பது ஒரு வாதம். டெட்ரா பேக்கைத் திறந்து தண்ணீர் கலந்து மறுபடி ஒட்ட முடியாது என்பது இன்னொன்று. உடைந்த பாட்டில்களால் வயலும் காடும் பாழாவது மூன்றாவது.

எதிர்க்கட்சிகள் விடவில்லை. விலை குறைந்த சின்ன டப்பா, புதிதாகக் குடிக்கத் தொடங்குபவர்களுக்குக் கதவைத் திறந்துவிடும் என்றன. சட்டைப் பையிலும் பள்ளிப் பையிலும் அடங்கும், பார்த்தால் ஜூஸ் மாதிரி இருக்கும் என்பது பெற்றோரின் கவலையாக இருந்தது.

கணக்குப் போட்டால் தெரியும் வித்தியாசம்

'சின்ன டப்பாதானே' என்ற நினைப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும்.

இந்தியாவில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவற்றில் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால். அப்படியென்றால் 90 மி.லி. டப்பாவில் சுமார் 38 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கும். 12 சதவீத ஒயினில் அதே அளவு ஆல்கஹால் வேண்டுமென்றால் சுமார் 320 மி.லி. குடிக்க வேண்டும். அதாவது இரண்டு பெரிய கிளாஸ். ஜூஸ் டப்பாவை விடச் சின்னதாக இருக்கும் பெட்டியில், இரண்டு கிளாஸ் ஒயினின் போதை அடங்கிவிடுகிறது.

அதற்காக 3 லிட்டர் ஒயின் பெட்டி ஆபத்தில்லாதது என்று அர்த்தமில்லை. அதே கணக்கில் அந்தப் பெட்டிக்குள் 360 மி.லி. ஆல்கஹால் இருக்கிறது. 750 மி.லி. பிராந்தி முழு பாட்டிலில் இருப்பதை விட இது கூடுதல். பாட்டிலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பெட்டியில் தெரியாது. குழாயைத் திறந்துகொண்டே இருக்கலாம். ஒயின் வாரக்கணக்கில் கெடாது என்ற நல்ல குணமே, அளவு தெரியாமல் குடிக்கவும் வழி செய்துவிடும்.

மது எந்த அளவிலும் உடலுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒயினுக்கும் இதில் விலக்கு இல்லை. 'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சை நம்பி யாரும் குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

2025 நவம்பரில் இந்த விவகாரம் எதிர்பாராத இடத்தில் வெடித்தது. இரண்டு விஸ்கி கம்பெனிகளுக்கு இடையிலான வணிகச் சின்ன வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அப்போது நீதிபதி சூர்ய காந்த் தலைமையிலான அமர்வுக்கு மது டெட்ரா பேக் ஒன்று காட்டப்பட்டது. பார்ப்பதற்கு ஜூஸ் பாக்கெட் போலவே இருக்கிறதே, குழந்தைகள் இதைப் பள்ளிக்கே கொண்டுபோய்விட முடியுமே, இதற்கு எப்படி அனுமதி கொடுத்தார்கள் என்று அமர்வு கவலை தெரிவித்தது. வருவாய்க்காக மக்கள் நலன் விட்டுக்கொடுக்கப்படுகிறதா என்ற கேள்வியும் எழுந்தது.

அது தீர்ப்பு அல்ல. விசாரணையின்போது வந்த வாய்மொழிக் கருத்து. ஆனால் 2023ல் தமிழ்நாட்டுப் பெற்றோர் எழுப்பிய அதே கேள்வி, இரண்டு ஆண்டு கழித்து நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் ஒலித்தது.

குப்பைக் கணக்கில் யார் ஜெயிப்பது?

கண்ணாடி கனமானது. ஒரு ஒயின் பாட்டில் காலியாக இருக்கும்போதே அரைக் கிலோவை நெருங்கும். நான்கு பாட்டிலுக்குப் பதில் ஒரு பெட்டி என்றால், லாரியில் ஏறும் எடை நிறையவே குறையும். உடைந்து காலில் குத்தும் ஆபத்தும் இல்லை. இருட்டு விலகும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பாட்டிலைத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தலாம், உருக்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2022ல் நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 10 ரூபாய் கிடைக்கிறது என்றதும் பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. டெட்ரா பேக்கில் ஒட்டியிருக்கும் அட்டையையும் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் பிரிக்கத் தனி ஆலை வேண்டும். சேகரிக்க ஆள் இல்லாவிட்டால், பாட்டில் கிடந்த ஓடையில் நாளை டப்பா கிடக்கும். அவ்வளவுதான் மாற்றம்.

பரணி ஒயின் மட்டும் பரிசுத்தமா?

மறுபடி அருமனைப் பக்கம் வரலாம். வீட்டு ஒயின் மீது இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம், செய்தவர் யாரென்று தெரியும் என்பதுதான். திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்க வைப்பதும், கள்ளச்சாராயமும் ஒன்றல்ல. கள்ளக்குறிச்சியில் உயிர் குடித்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால்.

இருந்தாலும் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, சட்டம். 1937ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குத்தான், விற்கவில்லை என்பது விலக்கு ஆகாது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே நிலைதான். 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு ஒயின் பற்றி கேரள கலால் துறை எச்சரிக்கை விடுத்தது அங்கே பெரிய பேச்சானது. தேவாலயத் திருப்பலிக்கான ஒயினுக்குத் தனி விதிகள் உண்டு. பல சபைகளில் புளிக்காத திராட்சைச் சாறுதான் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு, அளவு. பரணியில் இருப்பது எத்தனை சதவீதம் ஆல்கஹால் என்று செய்தவருக்கே தெரியாது. இனிப்பு தூக்கலாக இருப்பதால் லேசானது என்று தோன்றும். அப்படி இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

மூன்று, குழந்தைகள். 'ஒரு வாய்தானே, கிறிஸ்துமஸ்தானே' என்று ஊற்றிக் கொடுப்பது சில வீடுகளில் உண்டு. டெட்ரா பேக் பள்ளிப் பைக்குள் போய்விடுமோ என்று பயப்படும் அதே வீட்டில், பரணி கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி, கடைக்குச் சொன்னதுதான். ஆனால் அதன் காரணம் வீட்டுக்கும் பொருந்தும்.

அப்போ எதைப் பார்ப்பது?

பெட்டியா பாட்டிலா என்பது தரத்தைச் சொல்லாது. தரத்தைச் சொல்பவை வேறு:

• என்று அடைத்தது? பெட்டி ஒயினில் இந்தத் தேதிதான் முதலில் பார்க்க வேண்டியது.

• எத்தனை சதவீதம் ஆல்கஹால்? 12 என்பதற்கும் 42.8 என்பதற்கும் இருக்கும் தூரம், டப்பாவின் அளவில் தெரியாது.

• உரிமமும் எச்சரிக்கை வாசகமும் லேபிளில் இருக்கிறதா? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ம் ஆண்டு விதிமுறைகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. எச்சரிக்கை இல்லாத சரக்கைத் தொடாமல் இருப்பதே நல்லது.

• எங்கே வைத்திருந்தார்கள்? வெயிலில் கிடந்த பெட்டிக்கு எந்தத் தேதியும் உத்தரவாதம் அல்ல.

அரசு பார்க்க வேண்டியதும் இருக்கிறது. டெட்ரா பேக் விவாதம் மறுபடி வந்தால், 'பெட்டி வேண்டுமா, வேண்டாமா' என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. ஜூஸிலிருந்து தூரத்திலேயே வித்தியாசம் தெரியும்படி டப்பா இருக்குமா? பாட்டிலைப் போல டப்பாவுக்கும் திருப்பிக் கொடுத்தால் காசு உண்டா? சின்ன அளவு வந்தால் குடிப்பது குறைகிறதா, புதிதாகக் குடிப்பவர்கள் கூடுகிறார்களா என்று யார் கணக்கெடுப்பது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் கொண்டுவரும் பெட்டி, எவ்வளவு நல்ல சரக்கை அடைத்து வந்தாலும் இங்கே நல்ல பெயர் வாங்காது.